கள்ளின் ஒருநாள் வாழ்வு

பினாங்கு நகரில் சென்டோல் குவளையின் மேல் ஊற்றப்படும் கருஞ்சிவப்புப் பாகு. முற்காலத்து வீடுகளில் ஆப்ப மாவு பொங்குவதற்காகச் சேர்க்கப்பட்ட ஒரு கரண்டி நுரைநீர். ஊறுகாய்க்குப் பயன்பட்ட காடி. மாலை வேளையில் உழைப்பாளி ஒருவர் கள்ளுக்கடைப் பலகையில் அமர்ந்து அருந்தும் வெண்ணிறப் பானம். இந்நான்கும் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத பொருள்கள் போல் தோன்றலாம். ஆனால் நான்குக்கும் பிறப்பிடம் ஒன்றே. தென்னம்பாளையில் சொட்டும் இனிய சாறே அது. சாற்றை உடனே காய்ச்சினால் வெல்லம். சில மணி நேரம் விட்டுவைத்தால் கள். மேலும் சில நாள் விட்டால் காடி. இடையில் மாறுவது காலம் ஒன்றுதான்.

உலகில் மக்கள் அருந்தும் மதுவகைகள் பல. மேனாடுகளில் பீர் காய்ச்சும் சிறு ஆலைகளைத் தேடிச் சென்று, ஆலையை ஒட்டிய அருந்தகத்திலேயே புதிய பீரைச் சுவைத்து வருவதைப் பயணிகள் ஓர் இன்பமாகக் கொள்கின்றனர். பினாங்கிலும் அதன் எதிர்க்கரையான செபராங் பிறையிலும் தமிழர் நெடுங்காலமாக அறிந்திருந்த அருந்தகம் கள்ளுக்கடைதான். அங்கே ஆலையின் இடத்தில் நிற்பது மரம். கொப்பரை இல்லை, அடுப்பு இல்லை, பீப்பாயும் இல்லை. மரத்தில் கட்டிய கலயத்திலேயே மது தானாக விளைகிறது. ஆனால் அது ஒரு நாளைக்கு மேல் நல்ல நிலையில் இருப்பதில்லை. இந்த ஒரு குணமே கள்ளுக்கடை எங்கே இருக்க வேண்டும், எப்போது திறக்க வேண்டும், யார் அதனால் பயனடைவர், யார் கெடுவர் என்பனவற்றையெல்லாம் பெரும்பாலும் முடிவு செய்தது. மலாயாத் தமிழரின் வரலாற்றில் கள் பெற்ற இடத்தை அறிய விரும்புவோர் முதலில் கள்ளின் இயல்பை அறிய வேண்டும்.

பாளையிலிருந்து கலயம் வரை

தென்னையின் பூங்கொத்து வெளிவருவதற்கு முன் ஒரு தடித்த உறைக்குள் மூடிக் கிடக்கும். அதுவே பாளை. பாளை வெடித்து விரியும் தறுவாயில் மரமேறுபவர் அதை நாரினால் இறுகச் சுற்றிக் கட்டி, விரியாமல் தடுக்கிறார். பிறகு சில நாள்கள் காலையும் மாலையும் பாளையை நெடுகிலும் மெதுவாகத் தட்டி, நுனியைச் சீவி வருவார். ஓங்கித் தட்டினால் உள்ளிருக்கும் பூக்கள் நசுங்கிப் பாளை அழுகிவிடும். மிக மெல்லத் தட்டினால் சாறு வாராது. கை பழகப் பழகத்தான் அளவு தெரியும். பாளையைச் சிறிது சிறிதாக வளைத்து நுனியைக் கீழ்நோக்கி நிறுத்தியதும் சாறு சொட்டத் தொடங்கும். அதற்குக் கீழே கலயம் கட்டப்படும்.

அதன்பின் நாள்தோறும் இருவேளை மரமேறிப் பாளையின் நுனியை மெல்லிய தாள் போலச் சீவ வேண்டும். சீவத் தவறினால் வெட்டுவாய் காய்ந்து அடைபட்டுப் போகும். மழை பெய்தாலும் திருவிழா வந்தாலும் வேலைக்கு ஓய்வில்லை. ஒரு பாளை ஏறக்குறைய ஒரு மாதமோ அதற்குச் சற்று மேலோ சாறு தரும். அதற்குள் அடுத்த பாளை ஆயத்தமாகிவிடும். நல்ல மரம் ஒன்று நாளொன்றுக்கு ஒன்றிரண்டு லிட்டர் சாறு கொடுக்கும். கள் இறக்கும் பாளையில் தேங்காய் காய்ப்பதில்லை. ஆகவே தேங்காயா, கள்ளா என்பதை மரத்துக்குரியவர் முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டியிருக்கிறது.

இனிப்பு வெறியாவது எப்படி?

பாளையிலிருந்து சொட்டும் புதுச் சாற்றில் நூற்றுக்குப் பன்னிரண்டு முதல் பதினைந்து பங்கு வரை சர்க்கரை உண்டு. கரும்பில் உள்ள அதே சர்க்கரைதான் இது. புளிப்பு சிறிதும் இல்லை; வெறியும் இல்லை. ஆனால் கலயத்தின் சுவரிலும் பாளையின் வெட்டுவாயிலும் காற்றிலும் கண்ணுக்குப் புலப்படாத நுண்ணுயிர்கள் காத்திருக்கின்றன. அவற்றுள் தலையாயது ஈஸ்ட் என்னும் காளான் இனம். சாறு விழுந்த கணத்திலிருந்தே அது தன் வேலையைத் தொடங்கிவிடுகிறது. முதலில் சர்க்கரையை இரு எளிய சர்க்கரைகளாகப் பிளக்கிறது. பின்பு அவற்றை ஆல்கஹாலாகவும் கரியமில வாயுவாகவும் மாற்றுகிறது. கள்ளின் மேல் எழும் நுரை இந்த வாயுவே. ஆப்ப மாவைப் பொங்கச் செய்து நடுவில் மெத்தென்ற பதத்தைத் தந்ததும் இதுவே.

இதில் ஒரு கணக்கும் உண்டு. 180 கிராம் எளிய சர்க்கரை முழுவதும் நொதித்தால் 92 கிராம் ஆல்கஹாலும் 88 கிராம் கரியமில வாயுவும் கிடைக்கும். அதாவது சர்க்கரையில் ஏறக்குறையப் பாதி வெறிப்பொருளாகிறது. மறுபாதி காற்றோடு போய்விடுகிறது. நடைமுறையில் சர்க்கரை முழுவதும் இவ்வழியே செல்வதில்லை. ஈஸ்டுடன் வேறு பல நுண்ணுயிர்களும் போட்டியிடுகின்றன. தயிரைப் புளிக்கச் செய்யும் இனத்தைச் சேர்ந்தவை சில. ஆல்கஹாலைக் காடியாக்குபவை சில. ஆகவே சில மணி நேரத்தில் மூன்று, நான்கு விழுக்காடு ஆல்கஹால் உள்ள கள், ஒரு நாள் முடிவதற்குள் ஐந்து, ஆறு விழுக்காட்டை எட்டுகிறது. அதன்பின் புளிப்பு மேலோங்கும். மறுநாள் மாலையில் அதை வாயில் வைக்க இயலாது.

காலையில் இறக்கிய கள்ளை முற்பகலிலேயே அருந்தினால் இனிப்பு மிகுந்தும் வெறி குறைந்தும் இருக்கும். மாலையில் அருந்தினால் இனிப்புக் குறைந்து, நாக்கைச் சுரண்டும் புளிப்பும் தலைக்கேறும் வெறியும் சேர்ந்திருக்கும். ஒரே மரத்துக் கள்ளே நேரத்துக்கு நேரம் வேறு பானமாகிறது. பழகியவர்கள் கடைக்குச் செல்லும் நேரத்தைக் கொண்டே தாம் வேண்டும் சுவையைத் தேர்ந்துகொள்வர்.

இந்த மாற்றத்தைத் தடுக்கும் வழியையும் முன்னோர் அறிந்திருந்தனர். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் நுண்ணுயிர்கள் பெருக முடிவதில்லை. சாறு இனிப்பாகவே நிற்கும். அதுவே பதநீர். தமிழ்நாட்டில் பனஞ்சாற்றைப் பதநீராக இறக்கிக் கருப்பட்டி காய்ச்சுகின்றனர். மலாய்க்காரர் பாளைச்சாற்றை நீரா என்பர். தென்னை நீராவைக் காய்ச்சிக் குலா மலாக்கா எனப்படும் வெல்லத்தை எடுப்பர். ஆகவே மரத்திலிருந்து வருவது மதுவும் அன்று, மருந்தும் அன்று. அதை எதுவாக ஆக்குவது என்பது மனிதனின் முடிவு.

பீருக்கும் கள்ளுக்கும் உள்ள வேற்றுமை

பீரோடு ஒப்பிட்டால் கள்ளின் இயல்பு இன்னும் தெளிவாகும். பார்லியை முளைகட்டி, உலர்த்தி, நொறுக்கி, வெந்நீரில் ஊறவைத்தால் அதன் மாவுப்பொருள் சர்க்கரையாகிறது. அந்த நீரை ஹாப்ஸ் என்னும் கசப்புப் பூவுடன் சேர்த்துக் கொதிக்க வைக்கின்றனர். கொதிப்பதால் நுண்ணுயிர்கள் மடிகின்றன. ஹாப்ஸின் கசப்பு கெடுதியைத் தடுக்கிறது. ஆறியபின் தாங்கள் தேர்ந்தெடுத்த ஈஸ்டை மட்டும் இடுகின்றனர். இன்ன மால்ட், இன்ன பூ, இன்ன ஈஸ்ட், இத்தனை நாள் என்று ஒவ்வொரு படியையும் காய்ச்சுபவரே வகுத்துக்கொள்ளலாம். புதுப்புது வகைகளைச் சிறிய ஆலைகள் படைப்பதற்கு இடம் தருவது இந்தக் கட்டுப்பாடே.

பிரெஞ்சு அறிஞர் லூயி பாஸ்டர் 1876இல் பீரைப் பற்றி ஒரு நூலே எழுதினார். பானம் கெடுவது தானாக நிகழ்வதன்று, வேண்டாத நுண்ணுயிர்களின் செயலே என்பதை அவர் ஆராய்ச்சிகள் நிறுவின. அளவாகச் சூடேற்றினால் அவற்றை அழிக்கலாம் என்னும் முறையும் அவர் பெயராலேயே வழங்குகிறது. இதன் பயனாகப் பீர் புட்டியில் அடைபட்டு மாதக்கணக்கில் தங்கவும் கடல் கடக்கவும் கற்றது. 1931இல் மலாயன் புருவரீஸ் என்னும் நிறுவனம் சிங்கப்பூரில் தோன்றி, அடுத்த ஆண்டில் டைகர் பீரை வெளியிட்டது. ஓரிடத்தில் ஆலை நிறுவி நாடெங்கும் விற்க முடிந்தது.

கள்ளுக்கு இந்தப் பேறு இல்லை. அங்கே கொதிப்பும் இல்லை. தேர்ந்தெடுத்த ஈஸ்டும் இல்லை. வந்த விருந்தாளிகளையெல்லாம் ஏற்றுக்கொள்ளும் வீடு போன்றது கலயம். ஆகவே கள்ளைத் தொலைவுக்கு அனுப்ப முடியாது. சேமித்து வைக்க முடியாது. விற்பனை குறைந்த நாளின் சரக்கை மறுநாளுக்கு வைத்துக்கொள்ளவும் முடியாது. மரத்தருகே கடையும், கடையருகே குடிப்பவரும் இருந்தாக வேண்டும். இறக்கியது அன்றைக்கே விற்றாக வேண்டும். விற்றாக வேண்டுமானால் அன்றாடம் வந்து குடிக்கும் கூட்டம் வேண்டும். தோட்டப்புறத்தில் இந்த மூன்று தேவைகளும் ஒரே வேலிக்குள் நிறைவேறின.

குத்தகையும் குடியேற்றமும்

பிரான்சிஸ் லைட் 1786 ஆகஸ்டில் பினாங்கைக் கிழக்கிந்தியக் கம்பெனியின் பெயரால் கைக்கொண்டார். தங்குதடையற்ற வாணிபத் துறைமுகமாக அதை வளர்க்க விரும்பியதால், இறக்குமதி வரியைக் கொண்டு அரசு நடத்த இயலவில்லை. ஆகவே அபினி, சாராயம், கள், பங்கி, சூதாட்டம் போன்றவற்றின் விற்பனை உரிமையை ஏலத்தில் குத்தகைக்கு விட்டு வருவாய் தேடினர். சிறு நகரொன்றின் காவலுக்கும் சாலைக்கும் வேண்டிய பணம், அந்நகரின் உழைப்பாளர் மாலையில் தேடிய மயக்கத்திலிருந்தே வந்தது எனலாம். கள்ளின்மீது அரசுக்கு இருந்த அக்கறை அன்றே வருவாய் அக்கறையாகத் தொடங்கிவிட்டது.

தமிழர் பினாங்குக்குப் புதியவர் அல்லர். வணிகராகவும் படகோட்டிகளாகவும் தொடக்க காலத்திலேயே வந்தனர். ஆனால் பெருந்தொகையான உழைப்பாளரை அழைத்து வந்தது செபராங் பிறையின் கரும்புத் தோட்டங்களே. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கலிடோனியா, பத்து காவான் போன்ற தோட்டங்கள் சர்க்கரைக்குப் பெயர் பெற்றிருந்தன. நாகப்பட்டினத்திலிருந்து கப்பலேறியவர்கள் பினாங்குத் துறையில் இறங்கினர். ஜெரெஜாக் தீவில் நோய்த்தடுப்புக் காவலில் தங்கியபின் தோட்டங்களுக்குப் பிரிந்து சென்றனர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கரும்பு மறைந்து ரப்பர் வந்தது. வேலை மாறியது, லயத்து வாழ்க்கை மாறவில்லை.

கள் அவர்களுக்குப் புதிய பொருளன்று. சங்க நூல்கள் கள், நறவு, தேறல், தோப்பி என்று பல மதுவகைகளைக் கூறுகின்றன. அரசனும் புலவரும் பாணரும் ஒன்றாக இருந்து அருந்திய காட்சிகள் அங்கே உண்டு. அதே தமிழ் மரபில், திருக்குறள் கள்ளுண்ணாமைக்கென ஓர் அதிகாரத்தையே ஒதுக்கியது. விருந்தின் பொருளாகக் கள்ளைப் பாடியதும், அறிவைக் கெடுப்பதென்று அதை விலக்கியதும் ஒரே மொழிதான். ஆனால் ஊரில் இருந்த கள்ளுக்கும் தோட்டத்தில் வந்த கள்ளுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. ஊரில் கள்ளைச் சுற்றி உறவும் ஊராரும் இருந்தனர். தோட்டத்தில் கள்ளைச் சுற்றி இருந்தது கூலிக்கணக்கு.

தோட்டத்துக் கள்ளுக்கடை

நிர்வாகமே தன் நிலத்தில் கள்ளுக்கடை நடத்துவது மலாயாவில் பரவலாக இருந்த வழக்கம். உரிமம் அரசினுடையது, இடம் தோட்டத்தினுடையது, குடிப்பவர் தோட்டத்துத் தொழிலாளர். பிற்பகலில் வேலை முடியும் வேளைக்கும் கள் முதிரும் வேளைக்கும் பொருத்தம் தானே அமைந்திருந்தது. கடையும் அவ்வேளைக்கே திறந்தது.

இதற்கு ஆதரவாகத் துரைமார்கள் கூறிய காரணங்கள் எளிதில் ஒதுக்கத் தக்கவை அல்ல. தோட்டத்தில் நல்ல கள் கிடைக்காவிட்டால் தொழிலாளர் காட்டுக்குள் காய்ச்சும் கள்ளச் சாராயத்தைத் தேடுவர் என்றனர். கள்ளில் உயிர்ச்சத்து உண்டு என்றும் சொல்லப்பட்டது. ஈஸ்டில் ‘பி’ வகை உயிர்ச்சத்துகள் இருப்பது மெய்யே. ஆயினும் மிகுந்த குடி, உணவிலிருந்து அதே வகையைச் சேர்ந்த தயமின் என்னும் சத்தை உடல் ஏற்பதைத் தடுக்கிறது என்பதும் மெய். ஒரு கையால் கொடுத்து மறு கையால் பறிப்பது போன்றது அது.

மறுபுறத்துக் கணக்கையும் பார்க்க வேண்டும். 1920களின் இறுதியில் முக்கியத் தோட்டப் பகுதிகளில் வகுக்கப்பட்ட நாட்கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. அந்த ஐம்பது காசின் ஒரு பகுதி, கூலி கொடுத்த தோட்டத்தின் கடைக்கே மாலையில் திரும்பிச் சென்றது. கள்ளுக்கடை ஆதாயத்தைத் தொழிலாளர் நலனுக்கே செலவிட வேண்டும் என்ற ஏற்பாடு பின்னர் வந்தது. அது நல்ல எண்ணமே. ஆனால் அதன் உட்பொருள் யாது? அதிகம் குடித்தால் அதிக நலன். குடியை விட்டால் நலநிதியும் குறையும். தகப்பன் குடித்த குவளையிலிருந்து பிள்ளைக்கு நன்மை ஒழுக வேண்டும் என்னும் ஏற்பாடு அது. கூலியாகவும் பள்ளியாகவும் மருத்துவமாகவும் நேரே கிடைத்திருக்க வேண்டியது கள்ளின் வழியாகச் சுற்றி வந்தது.

எதிர்ப்பு எழுந்த வரலாறு

தமிழ்நாட்டில் 1921ஆம் ஆண்டை ஒட்டிய ஒத்துழையாமைக் காலத்தில் கள்ளுக்கடை மறியல் பெரும் இயக்கமாயிற்று. அப்போது காங்கிரசில் இருந்த ஈ. வெ. ராமசாமி தமக்குரிய தோப்பில் நூற்றுக்கணக்கான தென்னைமரங்களை வெட்டச் செய்தார். கள்ளின் தீமைக்கு மரமே பலியான நிகழ்ச்சி அது. அவரே 1929 டிசம்பரில் கப்பலில் பினாங்கு வந்திறங்கி மலாயாவில் சுற்றுப்பயணம் செய்தார். சீர்திருத்தக் கருத்துகள் தோட்டப்புறங்களில் வேரூன்றிய காலம் அது.

1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் பெரும் வேலைநிறுத்தம் மூண்டது. அதன் தலைவர்களில் ஒருவர் ஆர். எச். நாதன், தமிழ் நேசன் நாளிதழின் துணையாசிரியராக இருந்தவர். கூலி உயர்வு, நல்ல பள்ளி, மருத்துவ வசதி, துரைமாரைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கும் வழக்கத்தை ஒழித்தல் ஆகியவற்றுடன், கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பதும் அவர்களின் கோரிக்கைகளுள் ஒன்று. குடிப்பவர்களே கடையை மூடச் சொன்னார்கள் என்பது கருதத் தக்கது. கடை அவர்களுக்கு இன்பத்தின் அடையாளமாக இல்லை. அடிமைத்தனத்தின் அடையாளமாகவே பட்டது.

போருக்குப் பின் இந்த உணர்ச்சி பினாங்கின் அண்டை மாநிலமான கெடாவில் வலுப்பெற்றது. பீடோங் பகுதியில் ஹார்வர்ட் தோட்டத்தைச் சேர்ந்த ஏ. எம். சாமியின் தலைமையில் தொண்டர் படை என்னும் அமைப்பு எழுந்தது. இளைஞர்கள் அணிவகுப்புப் பயிற்சி பெற்றனர், குடிப்பவர்களைத் தடுத்தனர், கள்ளுக்கடைகளின் முன் மறியல் செய்தனர். 1947 பிப்ரவரி இறுதியில் பீடோங்கில் நடந்த மறியலில் காவற்படையினருடன் மோதல் ஏற்பட்டுத் தொழிலாளர் ஒருவர் உயிரிழந்தார். அதன்பின் கடும் நடவடிக்கைகளால் இயக்கம் ஒடுக்கப்பட்டது. ஒரு நாள்கூடத் தங்காத பானத்தை எதிர்த்து உயிரையே கொடுத்தவர் உண்டு என்பதை இக்காலத்து இளைஞர் பலர் அறியார்.

கள் குறைந்தது, சம்சு நிறைந்தது

பிற்காலத்தில் கள்ளுக்கடைகள் தாமே அருகின. தோட்டங்கள் துண்டாடப்பட்டன, ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, மக்கள் நகரங்களுக்குப் பெயர்ந்தனர். மரமேறும் கடினத் தொழிலுக்குப் பிள்ளைகள் வரவில்லை. சிங்கப்பூரில் 1970களின் இறுதியில் கள்ளுக்கடைகள் மூடப்பட்டன. மலேசியாவில் 1976ஆம் ஆண்டின் கலால் சட்டப்படி உரிமம் பெற்றே கள் விற்க முடியும். பத்து காவான் பகுதியின் தென்னைகளில் கள் இறக்கும் தொழில் அண்மைக் காலம்வரை தொடர்ந்து வந்தது. அதே நிலத்தில் இன்று தொழிற்சாலைகள் பெருகியுள்ளன. 2014இல் திறக்கப்பட்ட பினாங்கின் இரண்டாவது பாலம் கரையேறுவதும் அங்கேதான்.

கடைகள் குறைந்ததால் குடி குறைந்ததா? இங்கேதான் கள்ளின் ஒருநாள் வாழ்வு மீண்டும் தன் பொருளைக் காட்டுகிறது. கள் விட்டுச் சென்ற இடத்தைச் சம்சு என்னும் மலிவான கலப்புச் சாராயம் நிரப்பியது. சம்சு கெடுவதில்லை, எவ்வளவு நாளும் இருக்கும். சட்டைப் பைக்குள் அடங்கும் சிறு புட்டியில் வந்தது. மளிகைக் கடையிலும் கிடைத்தது. வெறியோ கள்ளைவிடப் பல மடங்கு. கள்ளுக்கு இருந்த இயற்கையான வேலிகள் மூன்று: வயிறு நிறைந்தால் மேலே செல்லாது, நேரம் கடந்தால் புளித்துவிடும், கடைக்குச் சென்று நாலு பேர் முன்னிலையில்தான் குடிக்க வேண்டும். சம்சுவுக்கு இந்த மூன்று வேலிகளும் இல்லை. விடியற்காலையிலும் தனியாக வீட்டின் பின்புறத்தில் நின்று குடிக்க முடிந்தது. பினாங்குப் பயனீட்டாளர் சங்கம் சம்சுவை எதிர்த்துப் பல ஆண்டுகள் பிரசாரம் செய்தது இக்காரணங்களாலேயே. மது வாங்கும் குறைந்தபட்ச வயது 2017 டிசம்பரில் 18இலிருந்து 21ஆக உயர்த்தப்பட்டது.

இதைவிடக் கொடியது மெத்தனால் கலந்த சாராயம். மெத்தனால் பார்வைக்கும் மணத்துக்கும் சாதாரண ஆல்கஹால் போன்றதே. உடலுக்குள் சென்றதும் அது ஃபார்மிக் அமிலமாக மாறிக் கண் நரம்பைத் தாக்குகிறது. அளவு மிகுந்தால் உயிரையே குடிக்கிறது. 2018 செப்டம்பரில் சிலாங்கூர், கோலாலம்பூர் வட்டாரத்தில் இத்தகைய மது பலரைப் பலிகொண்டது. தமிழ்நாட்டில் 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். கலப்படமில்லாத கள் இவ்வாறு கூட்டங்கூட்டமாக மக்களைக் கொல்வதில்லை. ஆனால் கள்ளில் கலப்படம் புகுந்தால் அந்த உறுதியும் போய்விடும். நாள் முழுவதும் விற்க வேண்டும் என்ற ஆசையால், தீர்ந்துபோன கள்ளுக்கு நீரும் சர்க்கரையும் வேறு பொருள்களும் சேர்ப்பவர்கள் எல்லா நாடுகளிலும் உண்டு.

மூன்று நாடுகள், மூன்று வழிகள்

தாய்நாட்டில் இச்சிக்கலுக்குக் கண்ட முடிவுகளும் அறியத் தக்கவை. சென்னை மாகாணத்தில் ராஜாஜி முதன்மை அமைச்சராக இருந்தபோது 1937 அக்டோபரில் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்குத் தொடங்கியது. 1948இல் அது மாகாணம் முழுவதும் பரவியது. 1971இல் மதுவிலக்குத் தளர்ந்தது. பின்னர் மாறிமாறிப் பல ஆணைகள் வந்தன. முடிவில் 1987 ஜனவரி முதல் நாளிலிருந்து தமிழ்நாட்டில் கள் இறக்குவதும் விற்பதும் தடைசெய்யப்பட்டன. ஆலையில் வடித்த மதுவோ அரசின் கடைகளிலேயே விற்கப்படுகிறது. பக்கத்துக் கேரளத்தில் கள்ளுக்கடைக்கு உரிமம் உண்டு. அங்கே கடையை ஒட்டி உணவகமும் புகழ்பெற்றிருக்கிறது.

யாழ்ப்பாணத்தார் மூன்றாவது வழியைக் கண்டனர். 1970களில் உருவான பனை தென்னை வள அபிவிருத்திக் கூட்டுறவுச் சங்கங்கள், மரமேறும் தொழிலாளரையே உறுப்பினராக்கின. இறக்கிய கள்ளைத் தொழிலாளர் சங்கத்தில் ஒப்படைக்க, சங்கம் அதை விற்கிறது. சூடேற்றிப் புட்டியில் அடைக்கும் முறையும் அங்கே கைவந்தது. பாஸ்டர் பீருக்குக் காட்டிய வழியை யாழ்ப்பாணம் பனங்கள்ளுக்குக் காட்டியது எனலாம். சூடேற்றிய கள்ளில் புதுக்கள்ளின் துடிப்பு இராது என்பது மெய். ஆனால் அன்றைக்கே விற்றுத் தீர்க்க வேண்டும் என்ற நெருக்கடி தளர்கிறது. அதைவிட முக்கியம், ஆதாயம் மரமேறியவருக்கே செல்கிறது.

எண்ணிப் பார்க்க வேண்டியது

குடி ஒரு குடும்பத்தைக் கெடுப்பதைத் தோட்டப்புறத்தில் வளர்ந்த எவரும் அறிவர். சம்பள நாளில் அடுப்பு எரியாத வீட்டையும், நோட்டுப் புத்தகம் இல்லாமல் பள்ளிக்கு வந்த பிள்ளையையும் மறைத்துவிட்டுக் கள்ளின் சுவையைப் பற்றிப் பேசுவது நேர்மையாகாது. தொண்டர் படையினரின் சினத்தில் நியாயம் இருந்தது. ஆனால் அவர்கள் எதிர்த்தது வெறும் பானத்தை மட்டுமன்று. கூலி கொடுத்த கையே அதைத் திரும்ப வாங்கிக்கொண்ட ஏற்பாட்டையே அவர்கள் எதிர்த்தனர். கூலியும் கல்வியும் ஓய்வுநேரத்துக்கு உரிய பொழுதுபோக்கும் கேட்ட அதே மூச்சில்தான் கடையை மூடச் சொன்னார்கள். அவர்கள் கேட்டவற்றுள் மற்றவை அரைகுறையாகக் கிடைக்க, கடை மட்டும் காலப்போக்கில் மறைந்தது. வெற்றிடம் வெற்றிடமாக நிற்கவில்லை. சம்சு வந்து உட்கார்ந்துகொண்டது.

மூடப்பட்ட கடைகளின் எண்ணிக்கையைக் கொண்டு மட்டும் மதுவிலக்கின் வெற்றியை அளப்பது தவறு. அடுத்த வேளை மனிதன் எதைக் கையில் எடுத்தான் என்பதையும் பார்க்க வேண்டும். கள்ளைப் பழித்து மரமேறும் தொழிலை அழித்துவிட்டால், பதநீரும் வெல்லமும் தரும் கைத்திறனும் சேர்ந்தே அழிகிறது. பாளையின் பதத்தைக் கையால் அறியும் முதியவர்கள் மறைந்தபின் அந்த அறிவை எந்தப் புத்தகத்திலிருந்தும் மீட்க முடியாது. மரத்தின் கீழ்க் கலயத்தில் சுண்ணாம்பு தடவினால் வெல்லம், தடவாவிட்டால் கள். இவ்விரண்டுக்கும் இடையே இருப்பது ஒரு சுண்டு சுண்ணாம்பும், அதைத் தடவுபவருக்குக் கிடைக்கும் நியாயமான விலையும்தான். அந்த விலையை யார் கொடுப்பது என்பதே தென்னையடியில் இன்றும் தீராமல் நிற்கும் கேள்வி.